கடைசி நொடியா, கடைசி விலையா?

சணப்பு பூவெடுத்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காது. விதைத்த 45 முதல் 50 நாளுக்குள் மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். விட்டுவிட்டால் தண்டு நாராகிவிடும், மட்குவதற்கு நாளாகும், அடுத்த விதைப்பும் தள்ளிப்போகும். இது நம் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் சரியாக அந்த ஐந்து நாளில் வாடகை டிராக்டர் கிடைக்குமா? எங்கள் பக்கம் கிடைப்பதில்லை. மழை பெய்த மறுநாளே வண்டியெல்லாம் நெல் வயலுக்குப் போய்விடும்.

நாங்கள் பன்னிரண்டு குடும்பம். நெய்வேலி நகரியத்துக்கு வெளியே செம்மண் மேட்டில் முந்திரி, பலா, மானாவாரியில் மல்லாட்டை, எள், கொஞ்சம் காய்கறி என்று ரசாயனம் இல்லாமல் செய்துவருகிறோம். இரண்டு வருடம் சணப்பை முற்றவிட்டுப் பார்த்த பிறகு, "நமக்குன்னு ஒரு பழைய வண்டி இருந்தா தேவலாம்" என்று முடிவு செய்தோம். வீட்டுக்கு ₹25,000. சிலர் முந்திரி விற்ற காசு, ஒருவர் கறவை மாடு விற்ற காசு. மொத்தம் ₹3,00,000 சேர்ந்தது.

கடன் தவணை கட்டாததால் எடுத்துவரப்பட்ட டிராக்டர்களை நிதி நிறுவனங்கள் ஆன்லைனில் ஏலம் விடுகின்றன என்பது எனக்குத் தெரியும். முப்பத்தைந்து ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால், "மேனேஜர் சார் பாத்துக்குவாரு" என்று அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். நான் கொடுத்த விலையை இன்னொரு குழு கொடுக்க வேண்டாம்.

அந்த மூன்று மணி

வண்டி நின்ற யார்டுக்கு மெக்கானிக் தம்பி ஒருவரை அழைத்துப்போய்ப் பார்த்தோம். இன்ஜின் பரவாயில்லை. கிளட்ச், முன் டயர் இரண்டு, பேட்டரி மாற்ற வேண்டும். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ₹40,000 ஆகும் என்று கணக்கு வந்தது.

பிறகு உட்கார்ந்து வண்டியின் மதிப்பைப் போட்டோம். பன்னிரண்டு குடும்பம், வருடத்துக்குப் பத்து மணி நேரம் வீதம் 120 மணி நேர உழவு. வெளி வண்டிக்கு மணிக்கு ₹1,100 கொடுத்துக்கொண்டிருந்தோம். சொந்த வண்டி என்றால் டீசல், ஓட்டுநர் கூலி, தேய்மானம் எல்லாம் ₹600. மிச்சம் மணிக்கு ₹500. வருடத்துக்கு ₹60,000. இன்னும் ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் ₹3,00,000. அதில் பழுதுச் செலவு ₹40,000 கழித்தால் ₹2,60,000. இதுதான் நாங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை. நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

ஏலம் முடிகிற நேரம் பிற்பகல் 3.00 மணி. பெங்களூரில் இருக்கும் மருமகன் முதல்நாளே போனில் சொல்லியிருந்தார்: "மாமா, முன்னாடியே கேட்டு விலையை ஏத்தி விட்டுடாதீங்க. கடைசி பத்து செகண்ட்ல போடுங்க. மத்தவன் யோசிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்." நல்ல யோசனையாகப் பட்டது.

அப்படியே செய்தேன். 2.59 தாண்டி 50 நொடி. திரையில் ₹2,25,000 நின்றது. ₹2,30,000 என்று அழுத்தினேன். பச்சை நிறத்தில் 'உங்கள் விலையே உச்சம்' என்று வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த கணம் கடிகாரம் மாறியது: மீதி நேரம் 3 நிமிடம்.

கடைசி நேரத்தில் யார் கேட்டாலும் மூன்று நிமிடம் கூடும் என்பது அந்த ஏலத்தின் நிபந்தனைகளிலேயே இருந்தது. நான் வாசித்திருந்தேன், மனதில் வாங்கவில்லை. எதிரில் யாரோ ₹2,35,000 கேட்டார். நான் ₹2,40,000. அவர் ₹2,45,000. ஒவ்வொரு தடவையும் கடைசி பத்து நொடிவரை மூச்சைப் பிடித்து உட்கார்ந்து அழுத்துவேன். ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம் கூடும். ₹2,60,000 வந்தது. நோட்டு பக்கத்தில்தான் கிடந்தது. "இம்மாந்தூரம் வந்துட்டோம், ஐயாயிரத்துக்காக விடறதா?" என்று ஒருவர் சொன்னார். அதே ஐயாயிரத்தை அடுத்தடுத்து நாலு தடவை ஏற்றினேன். கடைசியில் ₹3,00,000-க்கு வண்டி எங்களுடையது. மணி மூன்றரை தாண்டிவிட்டது.

பழுது, பத்திரம் எல்லாம் முடிந்தபோது செலவு ₹38,000. கையிருப்பு ஏற்கெனவே காலி. என் சேமிப்பிலிருந்து போட்டேன். அடுத்த கூட்டத்தில் எங்கள் பொருளாளர் அம்மா நோட்டைத் திறந்து, கோடு போட்ட எண்ணைக் காட்டிக் கேட்டார்: "இது எதுக்கு சார் எழுதனோம்?"

பதில் இல்லை. "நான் போட்ட பணத்தை விட்டுடுங்கம்மா, என் தப்புதானே" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சார் சும்மா குடுத்தா அது சார் வண்டின்னு ஆயிடும். கடன்னு எழுதறேன்" என்று எழுதிக்கொண்டார். கூடுதலாகக் கேட்ட நாற்பதாயிரம் என்பது மணிக்கு ₹500 மிச்சத்தில் 80 மணி நேர உழவு. அதாவது எட்டு மாதம் அந்த வண்டி சணப்புக்காக ஓடாது. என் வீம்புக்காக ஓடும்.

முடிகிற விதம் இரண்டு

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. வங்கியில் நகைக்கடன் ஏலத்தை நானே நடத்தியிருக்கிறேன். ஊரில் புளியமரக் குத்தகை, ஏரி மீன் குத்தகை ஏலம் பார்க்காதவர் யார்? "ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று இழுக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுப்பார். உடனே என்ன செய்வோம்? மறுபடி 'ஒரு தரம்' என்று முதலிலிருந்து ஆரம்பிப்போம். 'மூணு தரம்' சொல்லி முடியும்வரை யாருக்கும் வாய்ப்பு உண்டு. கணினியில் கூடுகிற மூன்று நிமிடமும் ஐந்து நிமிடமும் இதே 'ஒரு தரம், ரெண்டு தரம்'தான். அந்த முறையில் கடைசி நொடி என்று ஒன்று கிடையவே கிடையாது.

இன்னொரு முறை இருக்கிறது. குறித்த நேரம் வந்ததும் கதவு சாத்தப்படும். யார் கேட்டது மேலே நிற்கிறதோ அவருக்கு. இது பழைய முறை. இங்கிலாந்தில் ஓர் அங்குல மெழுகுவர்த்தியைக் கொளுத்திவைத்து ஏலம் விடுவார்கள். சுடர் அணையும் முன் கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் என்பவர், 1662-ல் பழைய கப்பல்களை அப்படி விற்றதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரே ஒருவர் மட்டும் சரியான கணத்தில் குரல் கொடுத்து ஜெயித்தாராம். எப்படி என்று கேட்டால், சுடர் அணைவதற்குச் சற்று முன் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்டேன் என்றாராம். மருமகன் சொன்ன 'கடைசி பத்து செகண்ட்' வித்தைக்கு வயது முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல்!

இந்த மெழுகுவர்த்தியைக் கணினிக்குக் கொண்டுவந்தது 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே. குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும். இந்தியாவில் பாஸி டாட் காம் நிறுவனத்தை 2004-ல் வாங்கிக்கொண்டு அதே ஈபே இங்கும் வந்தது; 2018-ல் அந்த இணையதளம் மூடப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் அமேசானும் ஓர் ஏலத்தளம் நடத்தியது. அதில் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2002-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். குறித்த நொடியில் மூடும் ஈபேயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட ஏலங்களில் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் கேள்வி வந்தது. நேரம் நீளும் அமேசானில் அது கால்வாசி அளவுதான். கேட்கிற மனிதர்கள் ஒரே மாதிரிதான். முடிகிற விதி மாறியதும் அவர்கள் நடத்தையும் மாறிவிட்டது.

ஆகவே ஏலத்துக்குப் போகுமுன் முதல் கேள்வி இது: கடைசி நேரத்தில் கேட்டால் நேரம் நீளுமா, நீளாதா? நம் நாட்டில் வங்கிகள் நடத்தும் சொத்து ஏல அறிவிப்புகளைப் பாருங்கள். 'ஐந்து நிமிட நீட்டிப்பு, வரம்பில்லாமல்' என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். விற்பவருக்கு அதுதான் லாபம். அப்படிப்பட்ட இடத்தில் கடைசி நொடிக்குக் காத்திருப்பவர் தன் இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்கிறார், வேறொன்றும் நடக்காது.

கணினியிடம் உச்ச விலையைச் சொல்லலாமா?

அன்று அந்தத் திரையில் 'ஆட்டோ பிட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. நம் உச்ச விலையை அதில் முன்கூட்டியே போட்டுவிடலாம். மற்றவர் கேட்கக் கேட்க, நமக்காகக் கணினியே ஒரு படி மேலே கேட்டுக்கொண்டு போகும். நாம் சொன்ன எல்லை வந்ததும் நின்றுவிடும். "நம்ம உச்ச விலையை முன்னாலேயே சொல்லிட்டா, அந்த விலைக்கே தலையில கட்டிட மாட்டானா?" என்ற பயத்தில் நான் அதைத் தொடவில்லை.

அந்தப் பயம் அரைவாசிதான் சரி. ஒரு கணக்கு பாருங்கள். நாம் ₹1,10,000 வரை போகலாம் என்று போட்டிருக்கிறோம். அடுத்தவரின் எல்லை ₹95,000. ஒரு படி ₹1,000. அவர் ₹95,000-ல் நின்றதும் நமக்கு ₹96,000-க்கு முடிந்துவிடும். ஆக நாம் கொடுக்கும் விலையைத் தீர்மானிப்பது நம் உச்ச விலை அல்ல. நமக்கு அடுத்து நிற்பவரின் உச்ச விலை. நம் உச்ச விலை தீர்மானிப்பது ஒன்றைத்தான்: பொருள் நமக்கா, அவருக்கா. இந்தக் கணக்கை 1961-ல் எழுதிக்காட்டியவர் வில்லியம் விக்ரி. 1996-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். இரண்டாவது விலையைக் கொடுக்கும் ஏலத்தில், தனக்கு அந்தப் பொருள் எவ்வளவு பெறுமோ அதை அப்படியே சொல்லிவிடுவதே கேட்பவருக்கு நல்லது என்றார் அவர்.

மிச்ச அரைவாசிப் பயம் நியாயமானது. விற்பவரே தன் ஆள் ஒருவரை உள்ளே விட்டு விலையை ஏற்றினால்? திண்ணை ஏலத்திலும் இது உண்டு, திரை ஏலத்திலும் இல்லை என்று சொல்ல முடியாது. திண்ணையில் ஆளின் முகமாவது தெரியும். இதற்கு நம் கையில் இருக்கும் காப்பு ஒன்றுதான். கணினியிடம் சொல்லும் எண், அந்த விலைக்கே முடிந்தாலும் நமக்கு நஷ்டம் இல்லாத எண்ணாக இருக்க வேண்டும். "கொஞ்சம் கூடுதலாப் போட்டு வைப்போம், அவ்வளவு தூரம் போகாது" என்று போட்டால் மாட்டிக்கொள்வோம்.

அப்படியானால் ஈபே மாதிரித் தளங்களில் விவரம் தெரிந்தவர்கள் ஏன் கடைசிவரை காத்திருந்தார்கள்? இரண்டு காரணம். ஒன்று, தன் எல்லையைத் தீர்மானிக்காமல் வருபவர்கள் நிறைய. அவர்கள் அடுத்தவர் கேட்பதைப் பார்த்துப் பார்த்து ஐநூறு, ஆயிரமாக ஏற்றுவார்கள். அவர்களுக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் முடிப்பது லாபம். (நான் அன்று செய்தது அந்த ஐநூறு, ஆயிரம் ஆள் வேலைதான்.) இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியம். அதே ஆய்வில், கணினிப் பொருட்களைவிடப் பழம்பொருட்களுக்குத்தான் கடைசி நேரக் கேள்வி அதிகம் என்று தெரிந்தது. பழம்பொருளின் அருமை தெரிந்தவர் முன்கூட்டிக் கேட்டால், 'அவரே கேட்கிறார், நல்ல சரக்குதான்' என்று மற்றவர் பின்னாலேயே வருவார்கள். அதனால் அவர் வாயைத் திறப்பதில்லை.

பழைய டிராக்டரும் அப்படித்தான். யார்டில் டிராக்டர் புரோக்கர் ஒருவர் ஒரு வண்டியையே இரண்டு தடவை சுற்றிவந்தால், வேடிக்கை பார்க்கிறவர்கள் கண்ணும் அங்கேதான் போகும்.

ஜெயித்தவர் தலையெழுத்து

நெய்வேலிக்காரர்களுக்கு மண்ணுக்கடியில் கிடப்பதை மதிப்புப் போடுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது. அது எவ்வளவு, எந்தத் தரம் என்று துளைபோட்டு அளந்து, 1956-ல் நிறுவனம் பதிவாகி, 1961-ல்தான் பழுப்பு நிலக்கரியை எட்டினார்கள். அளந்து பார்த்தாலும் ஆளுக்கொரு மதிப்புதான் வரும்.

அமெரிக்காவில் கடலடி எண்ணெய் வயல்களுக்கு ஏலம் கேட்ட நிறுவனங்களுக்கு இதே சிக்கல். அங்கே வேலை பார்த்த மூன்று பொறியாளர்கள் 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்துப் பேர் ஒரே வயலுக்கு மதிப்புப் போட்டால் சிலர் குறைவாகப் போடுவார்கள், சிலர் கூடுதலாகப் போடுவார்கள். ஏலத்தில் ஜெயிப்பது யார்? மிக அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவர். ஆகவே ஜெயித்தவருக்கே நஷ்டம் வருவது தற்செயல் இல்லை என்றார்கள். 'வென்றவர் சாபம்' என்று இதற்குப் பெயர்.

நம் குழுவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். பார்க்க முடியாத பகுதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு விலையைக் குறைத்துப் போட வேண்டும். ஓட்டிப் பார்க்க விடாத வண்டி, கியர்பாக்ஸ் திறந்து பார்க்க முடியாத வண்டி, ஆவணம் முழுசாக இல்லாத வண்டி என்றால் எங்கள் ₹2,60,000-கூட அதிகம்தான்.

இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை

அடுத்து எரு அடிக்க ஒரு டிரெய்லர் தேவைப்பட்டது. இந்தத் தடவை பொருளாளர் அம்மா ஒரு விதி போட்டார். கணக்குப் பார்த்து வந்த உச்ச விலையைச் சீட்டில் எழுதி, மடித்து அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் கேட்பதானால் பன்னிரண்டு பேரும் கூட வேண்டும். ஏல நேரத்தில் பன்னிரண்டு பேரைக் கூட்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும்!

கணக்கு ₹86,000 என்று வந்தது. ஒரு படி ஆயிரம் என்பதால், சமமாக நின்றுபோகாதிருக்க ₹87,000 என்று எழுதினோம். காலையிலேயே ஆட்டோ பிட்டில் போட்டுவிட்டு நான் முந்திரிக் காட்டுக்குப் போய்விட்டேன். மாலையில் பார்த்தால் ₹88,000-க்கு வேறு யாருக்கோ போயிருந்தது. ஆயிரம் ரூபாயில் போய்விட்டது என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மாவுக்குப் போன் செய்தேன். "போனாப் போவுது சார். பணம் இருக்குதில்ல?" என்றார்.

உண்மையில் ஆயிரத்தில் போகவில்லை. ₹88,000 கேட்டவரின் எல்லை ஒன்றரை லட்சமாகக்கூட இருந்திருக்கலாம். 'ஒரு படியில் விட்டுவிட்டேன்' என்று தோன்றுவது திரை நமக்குக் காட்டுகிற மாயம். நாம் ஒரு படி ஏறியிருந்தால் அவரும் ஒரு படி ஏறியிருப்பார்.

இரண்டு மாதம் கழித்து அதே மாதிரி டிரெய்லர் இன்னொன்று வந்தது. அதே சீட்டு, அதே ₹87,000. மற்றவர் ₹70,000-ல் நின்றுவிட, எங்களுக்கு ₹71,000-க்கு முடிந்தது. நேரம் பார்த்து அழுத்துகிற வேலையே இல்லை. அன்றைக்கும் நான் காட்டில்தான் இருந்தேன்.

நம் சரக்கு ஏலத்தில் இருக்கும்போது

இதுவரை வாங்குகிறவர் பக்கம். நாமோ வருடம் முழுக்க விற்கிறவர்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மறைமுக ஏலம் எப்படி நடக்கிறது? வியாபாரி தன் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார், யார் எவ்வளவு என்று மற்றவருக்குத் தெரியாது. அங்கே எழுதிய விலையையே கொடுக்க வேண்டும் என்பதால், தனக்கு எவ்வளவு பெறுமோ அதைவிடக் குறைத்துத்தான் எழுதுவார். எவ்வளவு குறைப்பார் என்பது போட்டிக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டே வியாபாரி என்றால் தாராளமாகக் குறைப்பார். எட்டுப் பேர் என்றால் குறைக்கப் பயப்படுவார்.

2016 ஏப்ரல் 14-ல் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையிலும், போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்குக் கணினி முன் நடக்கும் ஏலத்திலும் வடிவம்தான் வேறு, சூத்திரம் இதுவே. விற்பவருக்கு விலையைத் தருவது கடிகாரம் இல்லை, கேட்கிறவர்களின் எண்ணிக்கை. வரத்து அதிகமாகி வியாபாரிகள் அலட்சியமாக இருக்கும் நாளும், இரண்டு மூன்று பேர் மட்டும் வரும் நாளும் நமக்கு ஆகாத நாட்கள். சரக்கைக் காயவைத்து, சலித்து, தரம் பிரித்து வைத்தால் 'வென்றவர் சாபம்' பயம் வியாபாரிக்குக் குறையும். உள்ளே என்ன இருக்கிறதோ என்று சந்தேகப்படுபவர் குறைத்துத்தான் எழுதுவார், நாங்கள் டிராக்டருக்குச் செய்திருக்க வேண்டிய மாதிரியே.

கடைசியாக, நமக்கும் ஒரு சீட்டு வேண்டும். விற்பனைக்கூடத்தில் உச்ச விலை கட்டுப்படியாகாவிட்டால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை விவசாயிக்கு உண்டு. ஆனால் மூட்டையை இறக்கி, காலையிலிருந்து காத்திருந்து, வண்டி வாடகையும் கொடுத்த பிறகு அந்த உரிமையைப் பயன்படுத்த மனம் வராது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்ற அதே குரல்தான். இதற்குக் கீழே விற்பதில்லை என்ற எண்ணை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

ஏலத்துக்குப் போகுமுன்

எங்கள் குழு நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது எழுதியிருப்பவை:

1. நேரம் நீளுமா, நீளாதா என்று நிபந்தனையில் படித்து, கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீளும் என்றால் உச்ச விலையை ஆட்டோ பிட்டில் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். நீளாது என்றால் கடைசியில் ஒரே ஒரு தடவை, உச்ச விலையைக் கேட்க வேண்டும். அதற்கும் இணையத் தொடர்பு, மின்சாரம் இரண்டையும் நம்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். கணக்கில் வருவது ஏலத்தளத்தின் கடிகாரம். நம் கைப்பேசி கடிகாரம் இல்லை.

2. உச்ச விலை = அது நமக்கு மிச்சப்படுத்தும் பணம், கழித்தல் பழுது, பத்திரம், கொண்டுவரும் செலவு. அடுத்தவர் என்ன கேட்கிறார் என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராது.

3. எண்ணைத் தட்டியதும் சைபரை எண்ண வேண்டும். ஒரு சைபர் கூடினால் அழித்துக்கொள்ள வழி இருக்காது.

4. ஜெயித்தால் பணம் கட்டக் கெடு எத்தனை நாள் என்று முன்பே தெரிய வேண்டும். வங்கிகள் 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி விற்கும் சொத்து என்றால் 25 விழுக்காட்டை அன்றே அல்லது மறு வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். மீதியைப் பொதுவாகப் பதினைந்து நாளில். கட்டத் தவறினால் கட்டிய பணமும் போகும். (விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தின் கீழ் ஏலம் விட முடியாது என்பதையும் நம்மவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.)

5. சீட்டு ஏலம் கேட்பவரிடம் இருக்கக் கூடாது.

ஐந்தாவது விதி பொருளாளர் அம்மா சேர்த்தது. என்னிடம் வாங்கிய ₹38,000 கடனைக் குழு உழவு மிச்சத்திலிருந்து திருப்பிக்கொண்டு வருகிறது. இன்னும் ₹14,000 பாக்கி. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் அதை உரக்கப் படிக்கிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இந்த ஆண்டு சணப்பை 46-ம் நாள் மடக்கி உழுதோம். உங்கள் பகுதிக் குழுக்கள் ஏலத்தில் வண்டியோ கருவியோ எடுத்திருந்தால், எவ்வளவுக்குக் கணக்குப் போட்டீர்கள், எவ்வளவுக்கு எடுத்தீர்கள் என்ற இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டாலும் கூச்சப்பட வேண்டாம்.